சிவப்பு வாலும் 27 விமானங்களும்

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடம் எடுக்கும்போது டஸ்கீகி விமானிகளைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கறுப்பின விமானிகளைக் கொண்ட அந்த அமெரிக்கப் பிரிவு, தாங்கள் காவல் போன குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூடப் பறிகொடுத்ததில்லை என்றேன். மறுநாள் ஒரு மாணவன், அது கட்டுக்கதை என்று எங்கோ படித்துவிட்டு வந்து நிற்கிறான். அவர்களின் பெருமையைக் குறைக்க யாரோ கிளப்பிவிட்டதா இது? பசங்களிடம் இனி நான் என்ன சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த மாணவன் சொன்னதுதான் சரி. முதலில் அவனை வகுப்பில் எல்லார் முன்னாலும் பாராட்டிவிடுங்கள். டஸ்கீகி விமானிகளின் 332ஆவது போர் விமானக் குழுவின் காவலில் சென்ற குண்டுவீச்சு விமானங்களில் 27, எதிரி விமானங்களால் வீழ்த்தப்பட்டன. இதைக் கணக்கெடுத்தவர் டேனியல் ஹால்மன், அமெரிக்க விமானப்படையின் வரலாற்றாசிரியராக இருந்தவர். ஒரு விமானம் திரும்பி வராவிட்டால் அதற்கென்று அறிக்கை எழுதுவார்கள்: எந்த நாள், எந்த இடம், எதனால் விழுந்தது, பக்கத்து விமானத்தில் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று. அவற்றை 332இன் அன்றாட அறிக்கைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வந்த எண் இது.

'ஒன்றைக்கூட இழக்கவில்லை' என்ற பேச்சு 1945 மார்ச்சில் சிகாகோவின் கறுப்பினப் பத்திரிகையான 'சிகாகோ டிஃபெண்டர்' எழுதியதில் பரவியது. போர் அப்போது முடிந்திருக்கவில்லை. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு இல்லை. அந்த விமானிகளும் அதை உண்மை என்றே நம்பினார்கள். ஏமாற்றுவதற்காக யாரும் சொன்னதில்லை.

அந்த 27இல் 15 ஒரே நாளில் போனவை. 1944 ஜூலை 18, தெற்கு ஜெர்மனியில் மெமிங்கன். குழு காவல் போன 179 பயணங்களில் ஏழில்தான் எதிரி விமானங்களால் இழப்பு நேர்ந்தது. இந்தக் குழு சேர்ந்திருந்த 15ஆவது விமானப்படையின் மற்றக் காவல் குழுக்களுக்குச் சராசரி இழப்பு 46. இதையும் பலகையில் எழுதிப்போடுங்கள். பசங்களே புரிந்துகொள்வார்கள்.

ஆனால் எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குழுவின் தளபதி பெஞ்சமின் டேவிஸைப் பற்றிச் சொல்லுங்கள். 1932இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். நான்கு வருடம் சக மாணவர்கள் அவரோடு பேசவில்லை. கடமைக்காகப் பேச வேண்டியது தவிர ஒரு வார்த்தை கிடையாது. அறையில் தனியாக இருந்தார், தனியாகச் சாப்பிட்டார். 276 பேரில் 35ஆவதாகத் தேறி வந்தார். விமானப்பிரிவுக்கு மனு போட்டபோது, கறுப்பினத்தவருக்கு அங்கே பிரிவு இல்லை என்று மறுத்தார்கள். கறுப்பினத்தவருக்குப் போரிடும் திறன் குறைவு என்று 1925இலேயே ராணுவப் போர்க் கல்லூரி அறிக்கை எழுதி வைத்திருந்தது. பிறகு அலபாமாவின் டஸ்கீகியில் பயிற்சி தொடங்க, 1942 மார்ச்சில் தேறிய முதல் ஐவரில் டேவிஸும் ஒருவர்.

டஸ்கீகி விமானிகளில் முதலில் களத்துக்குப் போனது டேவிஸ் தலைமையிலான 99ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு, 1943இல் வட ஆப்பிரிக்காவுக்கு. சில மாதத்திலேயே, இவர்களுக்குப் போரிடும் வேகம் போதாது என்று மேலிடத்துக்குப் புகார் போய்விட்டது. டேவிஸ் வாஷிங்டனுக்கே போய் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1944 ஜனவரி கடைசியில் இத்தாலியின் அன்சியோவுக்கு மேலே இரண்டே நாளில் பத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை அவர்கள் வீழ்த்தினார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு அடங்கியது.

ஐந்து விமானங்களை வீழ்த்தினால் விமானிக்கு 'ஏஸ்' என்று பெயர். எல்லா விமானிக்கும் அந்த ஆசை இருக்கும். டேவிஸ் தன் ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது, எதிரியைத் துரத்திக்கொண்டு போகாதே, குண்டுவீச்சு விமானங்களை விட்டு நகராதே என்பதுதான். கண்ணுக்கு எதிரே ஒரு ஜெர்மன் விமானம் சாய்ந்து விலகுகிறது, பின்னாலேயே போனால் வீழ்த்திவிடலாம். போகாமல் திரும்பி வர வேண்டும். அந்தக் குழுவில் மூன்று பேர் நான்கு வரை வந்தார்கள். ஐந்தைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. எனக்கு அந்த 'நான்கு' பெரிய எண்ணாகத் தெரிகிறது. அவர்களுடைய முஸ்டாங் விமானங்களின் வாலில் சிவப்புச் சாயம் அடித்திருப்பார்கள். பத்துப் பேர் அடைபட்டு உட்கார்ந்திருக்கும் குண்டுவீச்சு விமானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தச் சிவப்பு எப்படி இருந்திருக்கும் என்று பசங்களை யோசிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பூஜ்யத்தை நாம் விட்டுவிடலாம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற குழுக்களிடம் யாரும் பூஜ்யம் கேட்கவில்லை. இவர்களிடம் மட்டும் கேட்டால், துளிக்கூடக் குறையில்லாமல் இருந்தால்தான் உன்னை மதிப்பேன் என்று ஆகிவிடுகிறது. டேவிஸ் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது அந்தக் கண்டிப்பைத்தான். அப்புறம், வீழ்ந்த அந்த 27 விமானங்களிலும் ஆட்கள் இருந்தார்கள். இழப்பே இல்லை என்று சொல்லும்போது அவர்களையும் சேர்த்து அழித்துவிடுகிறோம்.

காணாமல்போன விமானங்களின் அறிக்கைகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. தட்டச்சு செய்த பழைய தாள்கள். உங்கள் மாணவனிடம் 1944 ஜூலை 18 என்ற தேதியைக் கொடுத்து, ஒன்றைத் தேடியெடுத்து வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து உதவுங்கள்.