இரைப்பைப் புற்றுநோய்: ரோபோ அறுவையில் ஐசிஜி பச்சை ஒளி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பச்சையாக ஒளிரும் நிணநீர்க் கணு என்றால் புற்று பரவிய கணு என்றுதானே அர்த்தம், டாக்டர்?

இல்லை. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். இண்டோசயனின் கிரீன், அதாவது ஐசிஜி என்ற ஒளிரும் சாயம், புற்றுச் செல்லை அடையாளம் காணாது. கட்டியைச் சுற்றி ஊசி போட்டால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நிணநீர் போகும் வழியிலேயே போகும், வழியிலுள்ள கணுக்களில் தங்கும். ஒளிர்வது வழியைத்தான் காட்டுகிறது. நோய் இருக்கிறதா என்பதை நோய்க்குறியியல் மேசைதான் சொல்லும்.

கேள்வி: அப்படியானால் ஒளிராத கணுக்களை விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. புற்று முழுதாக அடைத்துவிட்ட கணுவுக்குள் சாயம் நுழையவே முடியாது. ஆபத்தான கணுவே இருட்டாக இருக்கக்கூடும். பெரிய கட்டி, வீங்கிய கணுக்கள், முன்கூட்டியே கீமோ பெற்றவர்கள் ஆகியோரிடம் இந்த ஏமாற்றத்தை எதிர்பார்க்க வேண்டும். டி2 எல்லையை (இரைப்பையை ஒட்டிய கணுக்களோடு அதற்கு இரத்தம் தரும் தமனிகளின் ஓரக் கணுக்களையும் நீக்கும் வரம்பு) முதலில் உடற்கூறுப்படி முடித்துவிடுங்கள். அதன் பிறகு ஒளியைப் போட்டு, விட்டுப்போனது ஏதாவது மின்னுகிறதா என்று பாருங்கள். கூட்டுவதற்கு மட்டுமே ஒளி, குறைப்பதற்கு அல்ல.

கேள்வி: பலன் இருக்கிறது என்பதற்கு எண்கள் உண்டா?

உண்டு. தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழக அணி 2019இல் வெளியிட்ட ரோபோ அறுவை ஆய்வில் ஐசிஜி பெற்றவர்களிடம் சராசரியாக 48.9 கணுக்கள் எடுக்கப்பட்டன. ஒப்பிடப்பட்ட முந்தைய நோயாளிகளிடம் 35.2. சீனாவின் ஃபூஜியான் அணி லேப்ராஸ்கோப்பியில் சீட்டுக் குலுக்கல் முறையில் நடத்திய ஆய்வில் (2020) ஐசிஜி பெற்றவர்களிடம் 50.5, பெறாதவர்களிடம் 42.0. நோய் நிலையைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது 16 கணுக்கள் வேண்டும், 30 இருந்தால் நல்லது.

கேள்வி: மருந்தை எப்படிக் கரைப்பது? எண்டோஸ்கோபி அறையில் நான்தான் தயார் செய்கிறேன்.

25 மி.கி. குப்பியில் 20 மி.லி. ஊசிக்கான தூயநீர் சேர்த்தால் மி.லி.க்கு 1.25 மி.கி. சலைனில் கரைக்காதீர்கள், சாயம் திரண்டுவிடும். கரைத்த 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

அறுவைக்கு முந்தைய நாள், கட்டியைச் சுற்றி நான்கு இடங்களில், சளிச்சவ்வின் அடியடுக்கில், இடத்துக்கு 0.5 மி.லி. மொத்தம் 2.5 மி.கி.தான். எண்டோஸ்கோபி ஊசியின் நீண்ட குழாயைச் சாயத்தால் நிரப்பிய பிறகே குத்துங்கள். இல்லாவிட்டால் முதல் இடத்துக்கு வெறும் காற்றுதான் போகும். ஊசியைச் சாய்வாக நுழைத்து மெல்லத் தள்ளினால் சளிச்சவ்வு கொப்புளம்போல் எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் ஊசி ஆழமாகப் போயிருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்?

சாயம் இரைப்பைச் சுவரைத் தாண்டி வயிற்றறைக்குள் கசியும். மறுநாள் கேமராவைத் திருப்பினால் கொழுப்பு மடிப்பு முழுக்கப் பச்சை, கணு எது கறை எது என்று பிரிக்க முடியாது. துடைத்தாலும் கழுவினாலும் போகாது. ரோபோவைக் குறை சொல்லும் பல தோல்விகளுக்கு முந்தைய நாளின் ஊசிதான் காரணம்.

கேள்வி: முந்தைய நாள் எண்டோஸ்கோபிக்கு வசதி இல்லை. வேறு வழி?

அறுவையின்போதே இரைப்பையின் வெளியுறைக்கு அடியில் போடலாம். செறிவு மி.லி.க்கு 0.5 மி.கி., சிறுவளைவிலும் பெருவளைவிலுமாக ஆறு இடங்களில் 1.5 மி.லி. வீதம். இங்கே குத்திய துளை வழியாகக் கசியும் என்பதால் பஞ்சுத் துணியால் ஒற்றிக்கொண்டே ஊசியை வெளியே எடுக்க வேண்டும்.

கேள்வி: டா வின்சி ரோபோவில் ஒளி மங்கலாகத் தெரிகிறது. கருவிக் கோளாறா?

பெரும்பாலும் தூரம்தான். ஃபயர்ஃபிளை முறையில் (மின்மினி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்!) அகச்சிவப்புக்கு அண்மைய லேசர் சாயத்தைத் தூண்டுகிறது, அது சுமார் 830 நானோமீட்டரில் ஒளிர்கிறது. அந்த ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டரே ஊடுருவும். கணையத்தின் மேல்விளிம்பில் கொழுப்பு தடித்திருந்தால் 8a, 11p நிலையக் கணுக்கள் (கல்லீரல், மண்ணீரல் தமனிகளின் ஓரத்தில் இருப்பவை) மறைந்தே இருக்கும். மேலடுக்கைத் திறந்து, லென்ஸைத் துடைத்து, அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இரத்தம் தேங்கியிருந்தாலும் ஒளி மங்கும்.

கேள்வி: 12a நிலையத்தின் பக்கம், கல்லீரலுக்குப் போகும் தமனியோரம், பளிச்சென்று ஒரு குழாய் தெரிகிறது.

அதைத் தொடாதீர்கள். பித்தக் குழாயாக இருக்கலாம். உடலில் உறிஞ்சப்பட்ட சாயத்தைக் கல்லீரல் பித்தத்தில் வெளியேற்றுவதால் பித்தப்பையும் முன்சிறுகுடலும்கூட ஒளிரும்.

கேள்வி: குடலோடு தைத்து இணைத்த இடத்தின் இரத்த ஓட்டத்தையும் இதிலேயே பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கணு வேலை முடிந்த பிறகு. சிரை வழி 5 முதல் 7.5 மி.கி. கொடுத்தால் பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் ஒளிரும். முதலிலேயே கொடுத்தால் எல்லாத் திசுவும் பச்சையாகிவிடும். மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் சற்று நேரம் பொய்யாகக் குறைந்து காட்டும்.

கேள்வி: யாருக்குக் கொடுக்கக் கூடாது?

அயோடைடு ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தவிர்க்கவும், குப்பியில் சோடியம் அயோடைடு கலந்திருக்கிறது. தைராய்டின் கதிரியக்க அயோடின் சோதனை இருந்தால் ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: வெட்டியெடுத்த இரைப்பையை அப்படியே அனுப்பிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். விளக்கை மங்கவைத்து அதே கேமராவை மாதிரியின் மேல் பிடித்தால் கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு கணுக்களும் தெரியும். நிலைய எண் வாரியாகப் பிரித்துத் தனித்தனிக் குப்பிகளில் போட்டு அனுப்புங்கள்.