முதலில் டேப்பை எடுங்கள்: குட்டி ரயில், குட்டி ஊர் கேள்வி பதில்

இன்று முழுக்கக் கேள்விகளுக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு அறையையோ மாடியையோ பிடிக்கிற அளவுக்கு ரயிலும் ஊரும் கட்டுபவர்களுக்கே முன்னுரிமை. ட்ரோன், ரிமோட் கார் எல்லாம் என் துறை இல்லை.

மதுரையிலிருந்து: சார், 14க்கு 10 அடி அறை ஒன்று காலியாக இருக்கிறது. முழு வந்தே பாரத் ஓட வேண்டும். எதில் தொடங்குவது?

டேப்பில். 16 பெட்டி வந்தே பாரத்தின் நீளம் 384 மீட்டர். ஹெச்ஓ அளவில், அதாவது 1:87இல், அது 4.4 மீட்டர். உங்கள் நீளச் சுவரே 4.27 மீட்டர்தான். ரயிலின் தலை ஒரு மூலையில் திரும்பும்போது வால் அடுத்த மூலையில் நிற்கும். அது ஓடுவது மாதிரியே இருக்காது. எட்டுப் பெட்டியோடு நிறுத்துங்கள். கண்ணுக்கு அதுவே நீளம்தான்.

அடுத்தது வளைவு. கடையில் தொகுப்பாக விற்கும் ரயில் செட்டில் வரும் வளைவின் ஆரம் பெரும்பாலும் 36 செ.மீ. நம் ரயில் பெட்டி ஒவ்வொன்றும் 25, 27 செ.மீ. நீளம். அந்த வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். குறைந்தது 60 வையுங்கள், 75 என்றால் அழகு. ஆனால் 75 ஆரத்தில் வண்டி திரும்பி வர ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். உடனே எல்லோரும் அறை நடுவில் பெரிய மேசை போடுகிறார்கள். போடாதீர்கள். கை எட்டுவது 60, 70 செ.மீ.தான். நடுவில் ஒரு பெட்டி கவிழ்ந்தால் முன்னால் இருக்கும் கோயில் கோபுரத்தின் மேல் படுத்துத்தான் எடுக்க வேண்டும். சுவரை ஒட்டிச் சுற்றிலும் 60 செ.மீ. பலகை அடித்து, வாசலில் மட்டும் தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு துண்டு வையுங்கள். மூலைகளில் மட்டும் பலகை கொஞ்சம் அகலமாக வரும்.

ஒரு ரயில் மேல் இன்னொன்று போக வேண்டுமா? எட்டு செ.மீ. ஏற வேண்டும். நூற்றுக்கு இரண்டு சாய்வு என்றால் நாலு மீட்டர் ஓட்டம். மூன்று வைத்தால் 2.7 மீட்டர் போதும், ஆனால் இன்ஜின் முனகும்.

கோவையிலிருந்து: மொத்தம் எவ்வளவு செலவாகும்?

ஊரின் அளவைச் சொல்லாமல் கேட்டால் பதில் இல்லை. ஒரு இன்ஜின், நாலு பெட்டி, ஒரு சுற்றுத் தண்டவாளத்தோடு ஆரம்பித்து ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள்.

சேலத்திலிருந்து: அண்ணா, சேர்வராயன் மலையைத் தெர்மாகோலில் செதுக்கி ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். மலை கரைந்துவிட்டது.

கரையத்தான் செய்யும். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், ஃபெவிக்விக்கும் அப்படியே. தண்ணீரில் கலக்கும் பெயின்டும் ஃபெவிகாலும்தான் அதற்கு ஆகும். இன்னொன்று யாரும் சொல்வதில்லை. பிவிசி ஒயரைத் தெர்மாகோலுக்குள் புதைக்காதீர்கள். வருடக்கணக்கில் ஒட்டியே இருந்தால் ஒயர் உறை வெடவெடத்து உடையும். குழாய்க்குள் விட்டு எடுத்துப் போங்கள்.

கும்பகோணத்திலிருந்து: கொலுவில் ரயில் விடலாமா? முளைப்பாரி நடுவில் ஓடினால் நன்றாக இருக்கும்.

விடலாம், ஆனால் ஈர மண்ணில் தண்டவாளத்தை வைக்காதீர்கள். முளைப்பாரியைத் தட்டில் வையுங்கள், தண்டவாளம் தனிப் பலகையில் ஓடட்டும். ஹெச்ஓவில் ஆள் உயரம் இரண்டு செ.மீ.தான். பக்கத்தில் செட்டியார் பொம்மை உட்கார்ந்தால் ரயிலைப் பிடித்து விழுங்குவது போல் இருக்கும். ரயிலுக்குத் தனி மூலை கொடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: இன்ஜின் விட்டு விட்டு ஓடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், இரண்டு நாள் நன்றாக ஓடியது, பிறகு முன்பைவிட மோசம்.

உப்புத்தாள் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அது போடும் கீறலில்தான் அழுக்கு போய் உட்காரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். சக்கரத்தையும் துடையுங்கள், அதை எல்லோரும் மறக்கிறார்கள். அப்படியும் திக்கினால் குறை ஒயரிங்கில் இருக்கும். பலகைக்கு அடியில் தடித்த ஒயர் ஒரு ஜோடியை நீளத்துக்கு ஓட்டி, மீட்டருக்கு ஒரு இடத்தில் மெல்லிய ஒயரால் தண்டவாளத்தில் பற்றவையுங்கள். இணைப்புத் தகடுகளை நம்பி மின்சாரம் அனுப்பாதீர்கள்.

புதுச்சேரியிலிருந்து: ஜப்பானில் இருக்கும் மாமா ‘N’ அளவு (ஹெச்ஓவைவிடச் சின்னது) ரயில் செட் அனுப்பியிருக்கிறார். அப்படியே சொருகலாமா?

கூடாது. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. மின்பெட்டியின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, 100 மட்டும் என்றால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிய பிறகு சொருகுங்கள்.

திருச்சியிலிருந்து: ரயில் பட்டறை இருக்கும் பொன்மலைப் பக்கம் வளர்ந்தவன். நம் மின்சார இன்ஜினை ஹெச்ஓவில் பார்த்தால் ஏதோ தலைகனத்த மாதிரித் தெரிகிறது. என் கண்தான் கோளாறா?

உங்கள் கண் சரி. அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளம் 16.5. அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையான 1435க்குச் செய்தது. நம் வண்டியின் உடம்பு சரியான அளவில், கால் மட்டும் ஒடுக்கமாக நிற்கிறது.

சென்னையிலிருந்து: யார் சார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? பிரிட்டனில் ஓஓவில் இதே 16.5இல்தான் ஓட்டுகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை.

நியாயமான பேச்சு. ஓஓ என்பது 1:76. அங்கே 18.83 இருக்க வேண்டிய இடத்தில் 16.5, சுமார் 12 சதவீதம் குறுகல். நமக்கு 14. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதே பிரிட்டனில்தான் அதைப் பொறுக்க முடியாமல் 18.83இல் கையாலேயே பாதை போடும் கூட்டமும் இருக்கிறது.

திருச்சி நண்பர் மறுபடியும்: அப்படியானால் நாமும் 19.3 போடலாமே?

நேர்ப்பாதை சுலபம். பாயின்ட், அதாவது பாதை பிரியும் இடம், ஒவ்வொன்றையும் அரம் வைத்து ராவி நீங்களே செய்ய வேண்டும், ஒவ்வொரு இன்ஜினின் அச்சையும் மாற்ற வேண்டும், நண்பர் கொண்டு வரும் வண்டி உங்கள் பாதையில் ஓடாது. பொறுமை இருந்தால் செய்யுங்கள். எனக்கு வேறு யோசனை உண்டு. தமிழ்நாட்டை மாடலாகச் செய்ய ஆசைப்படுகிறவர் மீட்டர் கேஜுக்குப் போகலாம். 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5. சுவிஸ் மலை ரயில்களுக்காக விற்கும் ஹெச்ஓஎம் தண்டவாளம் 12. தப்பு நாலு சதவீதம்தான்.

சென்னை நண்பர்: வந்துவிட்டது மீட்டர் கேஜ் பக்தி! மீட்டர் கேஜில் ஓடிய ஒய்பி நீராவி இன்ஜின் எந்தக் கடையில் விற்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

விற்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சுவிஸ் வண்டி ஒன்றின் அடிச்சட்டத்தை எடுத்து, மேல் உடம்பைப் பித்தளைத் தகட்டிலோ 3டி அச்சிலோ செய்ய வேண்டும். அது வேலைதான். ஆனால் கிடைப்பது என்ன? எழும்பூரிலிருந்து தெற்கே போன வண்டிகள் அத்தனையும். 1931இலேயே மின்சாரத்தில் ஓடிய கடற்கரை–தாம்பரம் பாதை. விழுப்புரம் வரை மின்சார மீட்டர் கேஜ்! உலகத்தில் எத்தனை ஊருக்கு இது வாய்த்தது? வளைவும் இறுக்கமாகப் போடலாம், ஸ்டேஷனும் சின்னது. மதுரைக்காரரின் 14 அடி அறையில் ஓர் ஊர் முழுசாக அடங்கும்.

திருச்சி நண்பர்: நான் பொன்மலையைத்தான் செய்யப் போகிறேன், அகலப்பாதையில், 19.3இல்.

செய்யுங்கள். முதல் பாயின்டை முடித்ததும் எனக்குக் காட்டுங்கள். சென்னைக்காரரும் 16.5இலேயே ஓட்டட்டும். இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்துகிறேன், பாதி நாள் போய்விட்டது.

திருப்பூரிலிருந்து: ஹாம்பர்க் மினியாட்டுர் வுண்டர்லாண்டில் கார்கள் தானாக ஓடுகிறதே, எப்படி?

சாலைக்கு அடியில் இரும்புக் கம்பி, வண்டியின் முன் அச்சில் காந்தம், உள்ளே குட்டி பேட்டரி. நிறுத்துவதும் கிளப்புவதும் கம்ப்யூட்டர். 2001இல் பிரவுன் சகோதரர்கள் திறந்த இடம், தண்டவாளமே 15 கிலோமீட்டருக்கு மேல். அங்கே போனால் ரயிலைவிட மனிதர்களைப் பாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் யாரோ ஒருவர் ஏதோ செய்துகொண்டிருப்பார். பாடகர் ராட் ஸ்டூவர்ட் 20 வருடத்துக்கு மேல் கட்டிய 1940களின் அமெரிக்க நகரத்தைப் படத்தில் பார்த்தபோதும் என் கண்ணில் பட்டது அழுக்குதான்: கறை படிந்த சுவர், தூசியேறிய நடைபாதை. நம்மவர்கள் புதுசாக வெள்ளையடித்த ஊரையே கட்டுகிறார்கள். போஸ்டர் கிழிந்த சுவர், டீக்கடை வாசலில் சாய்த்த சைக்கிள், மின்கம்பத்தில் தொங்கும் ஒயர் என்று வையுங்கள். ஊர் வந்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து: தோராயமாக என்ன பட்ஜெட், சார்?

கோவைக்குச் சொன்னது.

வேலூரிலிருந்து: ஊட்டி ரயில் செய்ய முடியுமா?

முடியும், அதுவும் மீட்டர் கேஜ்தான் (சென்னை நண்பர் மன்னிக்க). கல்லாறு–குன்னூர் இடையே பல்சக்கரப் பாதை, சாய்வு 12க்கு ஒன்று. சுவிஸ் மாடல்களுக்கான பல்தண்டு வாங்கலாம். ஏறும்போது இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளும், இழுக்காது. இதைத் தலைகீழாக வைத்த மாடல்தான் அதிகம்.

காரைக்குடியிலிருந்து: செலவைப் பற்றி யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே? அப்புறம், தண்டவாளத்தை உப்புத்தாளில்...

இரண்டுக்கும் மேலே பதில் இருக்கிறது. படியுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து: ஐயா, பாம்பன் பாலம் முழுசாகச் செய்யலாமா?

பழைய பாலம் 1914இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1:87இல் ஏறக்குறைய 24 மீட்டர். கல்யாண மண்டபம் இருந்தால் செய்யலாம். வீட்டில் என்றால் நடுவில் இரண்டாகத் திறந்து மேலே எழும்பும் தூக்குப் பாலத்தை மட்டும் அளவு குறையாமல் செய்யுங்கள். இரு பக்கமும் 40 அடிக் கண்கள் ஆறாறு போதும், ஒவ்வொன்றும் 14 செ.மீ. வரும். மற்றதைச் சுவரில் கடலாக வரைந்துவிடலாம். தூக்கும் பகுதிக்குச் சின்ன செர்வோ மோட்டார் போதும். பாலம் திறந்திருக்கும்போது இரு பக்கமும் தண்டவாளத்துக்கு மின்சாரம் போகாதபடி ஒரு சுவிட்ச் கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் நேராகத் தரையில் விழும். உப்புக்காற்று ஊர் உங்களுடையது. எஃகுத் தண்டவாளம் வாங்காதீர்கள், நிக்கல் சில்வர் வாங்குங்கள்.