பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு இரண்டு நிமிட எழுத்தோட்டமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். இறுதியாண்டுக்காக, மட்டக்களப்பு வாவியில் தோணி வலிக்கும் ஒருவரைப் பற்றி 12 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறேன். பெயர் 'தோணிக்காரர்'. தொடக்க எழுத்தோட்டமே இரண்டு நிமிடம் போகிறது. எடிட்டிங்கில் தமிழ் எழுத்துகள் உடைகின்றன. ஒரு ஸ்டூடியோவில் காசுக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? யார் யார் பெயரை முன்னால் போடுவது?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்களே செய்யலாம், ஒரு பின்னேர வேலைதான்.

முதலில் நீளம். படத்தில் ஆறில் ஒரு பங்கைப் பெயர்களுக்குக் கொடுத்துவிட்டால் கதைக்கு என்ன மிஞ்சும்? ஒஸ்கார் விதியில் குறும்படம் என்றால் 40 நிமிடத்துக்குள், அதுவும் எழுத்தோட்டம் எல்லாம் சேர்த்து. உங்கள் படத்துக்கு முன்னால் 25 விநாடி தாராளம். படத்தின் பெயர், இயக்கம், முக்கிய நடிகர்கள். மற்ற எல்லாரும் கடைசியில். பெயர்கள் வரும் ஒவ்வொரு திரை அட்டையையும் வாய்விட்டு நிதானமாக இரண்டு தரம் வாசியுங்கள். அந்த நேரம் அது திரையில் நின்றால் போதும்.

உங்கள் இரண்டு நிமிடத்தில் பாதியை எவை தின்கின்றன என்று எனக்குத் தெரியும். சின்னம், பீடம், துறை, தலைவர், இணைப்பாளர், 'வழிகாட்டலில்', 'ஆசியுடன்'. வருடா வருடம் இதே கூத்து. வாவியில் நனைந்து கமரா பிடித்த பிள்ளையின் பெயர் கடைசியில் ஓடி மறைகிறது, படப்பிடிப்புக்கே வராதவர்களின் பெயர் முழுத்திரையில் நிற்கிறது. சின்னம் கட்டாயம் என்றால் ஒரே அட்டையில் மூன்று விநாடி போடுங்கள். மற்றவை நன்றிப் பட்டியலுக்குப் போகட்டும்.

எழுத்து உடைவது உங்கள் பிழையல்ல. 'தோணிக்காரர்' என்பதில் 'தோ' வரும்போது கொம்பு தகரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் கொம்பு இடம்மாறி, பக்கத்தில் புள்ளிவட்டம் ஒன்றும் முளைக்கும். பிரீமியர் புரோ என்றால் பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றி, எழுத்தைப் புதிதாக அடியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவச எழுத்துரு, உரிமைச் சிக்கல் இல்லை. அப்படியும் சரிவராவிட்டால் எழுத்து ஒழுங்காக விழும் வேறொரு மென்பொருளில் அடித்து, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து மேலே வையுங்கள். நான்கு ஓரத்திலும் பத்தில் ஒரு பங்கு வெறுமையாக விடுங்கள். மண்டபத்துப் புரொஜெக்டர் ஓரத்தை வெட்டும்.

இப்போது அந்த ஸ்டூடியோ. இவர்களில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள், அது உடையாது என்பதற்காக. உண்மைதான், உடையாது. ஆனால் பாமினி இல்லாத கணினியில் அந்த வேலையைத் திறந்தால் உங்கள் நடிகர் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியல். அதைவிட மோசம், கையில் தருவது வீடியோ மட்டும். திருத்தக்கூடிய கோப்பைத் தரமாட்டார்கள். 'சிவலிங்கம்' 'சிவலிங்கன்' ஆகிவிட்டால் மறுபடி காசு. மினுங்குகிற டெம்ப்ளேட்டும் எங்கிருந்தோ இறக்கியது, உரிமம் கேட்டால் பதில் வராது. கொடுத்தேதான் ஆக வேண்டுமென்றால், திருத்தக்கூடிய கோப்பைக் கையில் வாங்கிய பிறகு காசைக் கொடுங்கள்.

அவர்களே 'முப்பது விநாடிக்குள் சினிமாப் பாட்டுப் போட்டால் பரவாயில்லை' என்றும் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. 'நன்றி' என்று போட்டாலும் அது அனுமதி ஆகாது. யூடியூபில் ஏற்றினால் அதுவே பாட்டைக் கண்டுபிடித்துவிடும்.

முன்னால் பெயர் குறைவாக இருக்கட்டும் என்றேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, இதை மட்டும் கவனமாக வாசியுங்கள். படத்தில் கூத்துப் பாட்டு வந்தால், அதைப் பாடிய அண்ணாவியாரின், அதாவது கூத்து ஆசானின், பெயர் முன்னால் வர வேண்டும். பாட்டு மரபுப் பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை என்று பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். பாட்டு பொதுவாக இருக்கலாம், பாடிய குரல் அவருடையது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நிகழ்த்துபவருக்கும் தனி உரிமை இருக்கிறது. கூத்தின் இரண்டு பாணிகளில் வடமோடியா தென்மோடியா, எந்தக் கூத்து, எந்த ஊர் என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடி எழுதுங்கள். மத்தளம் அடித்தவரையும் பிற்பாட்டுக்காரரையும் 'குழுவினர்' என்று அடக்காதீர்கள், ஒவ்வொருவர் பெயரும் வேண்டும். ஒலிப்பதிவுக்கு முன்பே ஒரு தாளில் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள். பதிவு ஏற்கனவே முடிந்திருந்தால் இந்தக் கிழமையே அவர் வீட்டுக்குப் போய் வாங்கிவிடுங்கள். அந்த அட்டைக்காக 25 விநாடி 35 ஆனாலும் சரி.

மற்றவர்களின் பெயரையும் முதலெழுத்தோடு அவரவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அட்டைகள் முடிந்ததும் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகு படத்தை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.