கரியமில வாயு கூடினால் கடலின் பச்சையும் கூடுமா? கேள்விகளும் பதில்களும்

கடல்நீரில் மிதந்து வாழும் நுண்தாவரங்களை வளர்த்துப் பார்ப்பதே என் வேலை. காற்றில் கூடும் கரியமில வாயு கரைந்து கடல் அமிலமயமாவதால் அவற்றின் வளர்ச்சிக்கும் ஒளிச்சேர்க்கைக்கும் என்ன ஆகிறது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

பள்ளி ஆசிரியர் ஒருவர்: ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும் என்று பாடம் நடத்தினேன். "அப்படியானால் கடலில் அது கூடுவது நல்லதுதானே?" என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான். என்ன சொல்வது?

முதலில் அவனைப் பாராட்டுங்கள். ஆய்வாளர்களும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள்.

கடல்நீரில் கரிமத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதில் ஏறத்தாழ 90 சதவீதம் பைகார்பனேட் வடிவில் இருக்கிறது. கரைந்த கரியமில வாயுவாகவே இருப்பது 1 சதவீதம் அளவுக்குத்தான். கரிமத்தைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் ரூபிஸ்கோ நொதிக்கோ அந்த 1 சதவீதம்தான் வேண்டும், பைகார்பனேட்டை அது தொடாது. மெதுவாக வேலை செய்யும் நொதி வேறு. டயாட்டம்கள் என்ற, சிலிக்கா ஓடுடைய நுண்தாவரங்கள் பலவற்றில் அது பாதி வேகத்தில் ஓடுவதற்கே, கடல்நீரில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு கரியமில வாயு வேண்டும்.

இந்தக் குறையைச் சரிக்கட்ட நுண்தாவரங்கள் தங்களுக்குள் ஒரு பம்பு வைத்திருக்கின்றன. பைகார்பனேட்டை உள்ளே இழுத்து, கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியால் கரியமில வாயுவாக மாற்றி, ரூபிஸ்கோ இருக்கும் இடத்திலேயே கொண்டுபோய்க் குவிக்கின்றன. பசிக்கு ஏற்கெனவே வழி செய்துகொண்ட உயிர் இது. வெளியே கரியமில வாயு இரண்டு மடங்கானாலும் ஒளிச்சேர்க்கை இரண்டு மடங்காகிவிடாது. பம்பை ஓட்டச் செலவாகும் ஆற்றலில் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். பம்பு வலுவாக உள்ள இனங்களுக்கு இந்த லாபம் சிறியது, வலுவில்லாத இனங்களுக்குச் சற்றே பெரியது. ஆக, அந்த மாணவனுக்குப் பாதி "ஆமாம்" சொல்லலாம். மீதிப் பாதி கீழே வருகிறது.

கடல்நீர் நிஜமாகவே அமிலமாகிவிடுமா?

ஆகாது. அமிலமா காரமா என்று காட்டும் அளவு பிஎச், 7க்கு மேல் என்றால் காரம். தொழிற்புரட்சிக்கு முன் கடல்மேற்பரப்பின் பிஎச் சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. இரண்டுமே காரப் பக்கம்தான். ஆனால் பிஎச் மடக்கை அளவு. 0.1 இறங்கினால், அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது என்று பொருள். 0.3 இறங்கினால் இரண்டு மடங்கு. செல்லுக்குத் தெரிவது இந்த அயனிதான், நாம் வைத்த பெயர் அல்ல.

முதுகலை மாணவி: சுண்ணாம்பு ஓடு கட்டும் நுண்தாவரங்களான காக்கோலித்தோபோர்கள் அமிலமயமாதலால் பாதிக்கப்படும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது, நன்றாக வளரும் என்று இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது, மேடம்?

இந்தக் கேள்விக்கு நிறைய எழுத ஆசை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000இல் ரீபெசெல் குழு எமிலியானியா ஹக்ஸ்லேயி, கெஃபைரோகாப்சா ஓசியானிகா என்ற இரண்டு இனங்களை வளர்த்துப் பார்த்தது. கரியமில வாயு கூடியபோது இரண்டிலும் சுண்ணாம்பு கட்டுவது குறைந்தது, ஓடுகள் கோணலாகவும் வந்தன. 2008இல் இக்லேசியஸ்-ரோட்ரிகஸ் குழு அதே எமிலியானியாவில் நேர் எதிராகக் கண்டது. ஒரு செல்லுக்கான சுண்ணாம்பு கூடியிருந்தது. ஆய்வாளர்களிடையே பெரிய விவாதமே நடந்தது. ஒரு குழு தவறு செய்திருக்க வேண்டும் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள்.

2009இல் லாங்கர் குழு எமிலியானியாவின் 4 வகைகளை ஒரே முறையில் சோதித்தது. நான்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. ஒரே இனத்துக்குள்ளேயே அவ்வளவு வேற்றுமை! அப்புறம் வேதியியலும் விளங்கியது. ஓடு கட்டுவதற்கு மூலப்பொருள் பைகார்பனேட். கரியமில வாயு கரையும்போது அதுவும் கூடுகிறது, அதோடு ஹைட்ரஜன் அயனியும் கூடுகிறது. முன்னது உதவி, பின்னது தடை. ஓடு கட்டும்போதே செல்லுக்குள் ஹைட்ரஜன் அயனி உண்டாகிறது, அதை வெளியே தள்ளியாக வேண்டும். வெளியே ஏற்கெனவே நெரிசல் என்றால் தள்ளுவது கடினம். அதனால் ஓர் அளவு வரை ஏற்றம், பிறகு இறக்கம். இரு குழுக்களும் இந்த வளைகோட்டின் வெவ்வேறு இடங்களில் நின்று பார்த்திருக்கலாம் என்பதே என் கணிப்பு.

நீங்கள் கட்டுரை படிக்கும்போது முடிவுக்கு முன்னால் மூன்றைப் பாருங்கள்: எந்த வகை, எவ்வளவு ஒளி, என்ன ஊட்டம்.

ஒளி எதற்கு? அமிலத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இருக்கிறது. ஆய்வுக்கூட விளக்கு மிதமாக, ஒரே சீராக எரியும். கடலில் அலை செல்லை மேலும் கீழும் புரட்டுகிறது. ஒரு நேரம் மங்கல், அடுத்த நேரம் சுள்ளென்ற வெயில். 2012இல் காவ் குழு வெளியிட்ட ஆய்வின்படி, கரியமில வாயு கூடிய நீரில் டயாட்டம்கள் மங்கிய ஒளியில் வேகமாக வளர்ந்தன, கடும் ஒளியில் வளர்ச்சி குன்றின. கரியமில வாயு தாராளமாகக் கிடைத்ததும் செல் தன் பம்பைக் குறைத்துக்கொள்கிறது. அளவுக்கு மிஞ்சிய ஒளியாற்றலைச் செலவழிக்க அந்தப் பம்பும் ஒரு வடிகால். வடிகால் சுருங்கினால் மிஞ்சிய ஒளி செல்லையே தாக்கும். மிச்சம் பிடித்ததே தொல்லையாகிறது.

இரும்புச்சத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். சரிதானா?

சரிதான். கடற்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், குறிப்பாகத் தென்பெருங்கடலில், வளர்ச்சியைக் கட்டிப்போடுவது இரும்புத் தட்டுப்பாடு. கரைந்த இரும்பைக் கரிமச் சேர்மங்கள் பற்றிக்கொண்டிருக்கின்றன. பிஎச் இறங்கினால், அந்தச் சேர்மத்தின் தன்மையைப் பொறுத்து, இரும்பு செல்லுக்கு எட்டாமல் போகலாம் என்று 2010இல் ஷி குழு காட்டியது. டிரைக்கோடெஸ்மியம் என்ற நைட்ரஜன் நிலைநிறுத்தும் சயனோபாக்டீரியாவுக்கும் இதே கதைதான். 2007இல் வெளியான சோதனைகளில் கரியமில வாயுவால் அதன் நைட்ரஜன் நிலைநிறுத்தம் கூடியது. 2012இல், இரும்பு குறைந்த நீரில் சோதித்தபோது குறைந்தது.

இவை அழிந்தால் நமக்கு ஆக்சிஜன் தீர்ந்துபோகுமா? பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் வேண்டாம். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே உண்டாகும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கடல் உயிர்களே சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. காற்றில் இருப்பது நெடுங்காலச் சேமிப்பு. அமிலமயமாதலால் நுண்தாவரங்கள் மொத்தமாக அழியும் என்றும் யாரும் காட்டவில்லை. என் கவலை வேறு. எந்த இனம் பெருகும், எது குறையும்? பெரிய டயாட்டம் குறைந்து மிகச் சிறிய செல்கள் பெருகினால், மீன்வரை போகும் உணவுச்சங்கிலியில் இடையில் படிகள் கூடும். ஒவ்வொரு படியிலும் உணவு கழிந்துகொண்டே போகும். மொத்தப் பச்சை மாறாமலேகூட மீனுக்குக் கிடைப்பது குறையலாம்.

நாளுக்கு ஒருமுறை பெருகும் உயிர்கள் ஆயிற்றே, பழகிக்கொள்ளாதா?

ஓரளவு பழகும். 2012இல் லோபெக், ரீபெசெல், ராய்ஷ் ஆகியோர் எமிலியானியாவை 500 தலைமுறை, அதாவது ஏறக்குறைய ஓராண்டு, கரியமில வாயு கூடிய நீரிலேயே வளர்த்தார்கள். வளர்ச்சி மேம்பட்டது, இழந்த சுண்ணாம்புத் திறனும் ஓரளவு மீண்டது. எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த முடிவு அது. ஆனால் அந்தக் குடுவையில் வெப்பம் ஏறவில்லை, தின்ன வரும் உயிரி இல்லை, ஊட்டம் தட்டவில்லை. கடலில் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகிறது.

டயாட்டத்தின் ஓடு சிலிக்கா ஆயிற்றே, அமிலம் அதை என்ன செய்யும்?

சுண்ணாம்புக்கு நேர்மாறு. பிஎச் இறங்கினால் சிலிக்கா மெதுவாகக் கரையும். ஓட்டுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கரையாத ஓடு ஆழத்தில் இறங்கிவிடும், மேல்நீருக்குத் திரும்ப வேண்டிய சிலிக்கா திரும்பாது. நாளடைவில் மேலே உள்ள டயாட்டங்களுக்கே கட்டுமானப் பொருள் தட்டும். 2022இல் டௌஹர் குழு இதைக் கணக்கிட்டுக் காட்டியபோது, இத்தனை காலம் செல்லை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது.

இளநிலை மாணவர்: குடுவைச் சோதனை செய்யப்போகிறேன். கொஞ்சம் அமிலம் ஊற்றி பிஎச்சைக் குறைத்தால் போதுமா?

போதாது. அமிலம் மட்டும் ஊற்றினால் நீரின் காரத்தன்மை (பிஎச் அல்ல, அமிலத்தைத் தாங்கும் திறன்) குறையும், கடலில் அப்படி நடப்பதில்லை. கரியமில வாயு கலந்த காற்றைக் குமிழியாக விடுங்கள், அல்லது அமிலத்தோடு சம அளவு பைகார்பனேட் சேருங்கள். மொத்தக் காரத்தன்மை, கரைந்த மொத்தக் கரிமம், பிஎச், கரியமில வாயுவின் பகுதியழுத்தம் ஆகிய நான்கில் இரண்டையாவது அளந்தால்தான் மற்றவை கணக்கில் வரும். முக்கியமாக, செல்கள் அடர்த்தியாவதற்கு முன் சோதனையை முடித்துவிடுங்கள். செல்கள் பெருகினால் கரியமில வாயுவைத் தின்றுதீர்த்து, நீங்கள் பாடுபட்டு இறக்கிய பிஎச்சை அவையே மேலே ஏற்றிவிடும்.