கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பை முழுதாக எடுப்பதா?

உங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், 1.8 செ.மீ. கட்டி, அக்குள் நெறிக்கட்டிக்குப் பரவவில்லை, ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை). டாக்டர் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்கிறார். சொந்தக்காரர்களோ "எதுக்கு வம்பு, மொத்தமா எடுத்துடுங்க" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் 6 வருஷத்துக்கு முன் இதே குழப்பம்தான்.

மொத்தமாக எடுத்தால் உயிருக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறோம். 2002இல் வந்த அமெரிக்க, இத்தாலிய ஆய்வுகள் இரண்டும் நோயாளிகளை 20 வருஷம் கவனித்தவை. எந்த முறையானாலும் பிழைத்திருந்தவர்கள் விகிதத்தில் வித்தியாசமில்லை. ஆனால் கதிர்வீச்சைத் தவிர்க்கக் கூடாது. அமெரிக்க ஆய்வில் அது இல்லாதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது, எடுத்துக்கொண்டவர்களில் 14 சதவீதம். மாத்திரைகள் மேம்பட்ட பிறகு இப்போது இரண்டுமே இன்னும் குறைவு.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அம்மாவால் கதிர்வீச்சுக்குத் தினமும் போய்வர முடியுமா என்பதுதான். இப்போது பல இடங்களில் 3 வாரத்தில் முடிக்கிறார்கள், சிலருக்கு 5 நாளிலேயே. நான் பஸ்ஸில்தான் போய்வந்தேன். மெஷினைவிட அந்தப் பயணம்தான் அலுப்பு!

ஒரே மார்பில் பல இடத்தில் கட்டி, முன்பே நெஞ்சில் கதிர்வீச்சு, பிஆர்சிஏ மரபணு மாற்றம் (மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை மாற்றம்), இவை இருந்தால் கணக்கு மாறும். டாக்டரிடம் கேளுங்கள். ஹார்மோன் மாத்திரை எப்படியும் 5 வருஷமாவது இருக்கும்.

அப்புறம், அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் பதிவில் அவர் என்ன சொன்னார் என்பதே இல்லை.