காணொலியிலிருந்து ஒலியைப் பிரிக்கும்போது எந்த வடிவம்?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நான் பதிவு செய்த 45 நிமிட நாகசுரக் கச்சேரியைச் சில ஆண்டுகளுக்கு முன் என் யூடியூப் பக்கத்தில் ஏற்றியிருந்தேன். மூலக் கோப்பு இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. இப்போது ஒலியை மட்டும் பிரித்துக் காரில் கேட்க விரும்புகிறேன். மென்பொருளோ எம்பி3 128, எம்பி3 320, எம்4ஏ, ஓபஸ், வேவ் என்று பட்டியல் நீட்டுகிறது. 320-ஐத் தேர்ந்தெடுத்தால் தரம் கூடுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: கூடாது, சற்றுக் குறையவே செய்யும். நாம் ஏற்றும் காணொலியின் ஒலியை யூடியூப் பெரும்பாலும் இரண்டு விதமாகச் சுருக்கித்தான் ஒலிபரப்புகிறது. ஒன்று, எம்4ஏ கோப்பில் வரும் ஏஏசி, நொடிக்கு ஏறத்தாழ 128 கிலோபிட் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு இது). மற்றொன்று ஓபஸ், நொடிக்கு ஏறத்தாழ 160 கிலோபிட் வரை. எம்பி3 என்ற கோப்பு அங்கே இல்லவே இல்லை. நீங்கள் எம்பி3 கேட்டால், ஏற்கெனவே சுருக்கிய ஒலியை விரித்து மறுபடியும் சுருக்கித்தான் மென்பொருள் தருகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் காதுக்குப் புலப்படாது என்று கணித்த பகுதிகள் வெட்டப்படுகின்றன. வெட்டியது திரும்பி வராது. 128-ஐ 320 ஆக்குவது, சொம்புத் தண்ணீரை அண்டாவில் ஊற்றுவது போன்றது.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் என்ற, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் காட்சிக்கு மாற்றினால், யூடியூபின் எம்4ஏ ஒலி பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே வெட்டுண்டு நிற்கும். அதிலிருந்து உருவான 320 எம்பி3-யிலும் அதே இடத்திற்கு மேலே வெறும் இருட்டுதான். கோப்பின் அளவு மட்டும் 43 எம்பியிலிருந்து 108 எம்பியாக வளர்ந்திருக்கும். சுருக்கமே இல்லாத வேவ் கேட்டால் 480 எம்பியைத் தொடும்.

உங்கள் பதிவில் தவிலும் இருக்கும் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். தவிலின் அடி சட்டென்று வெடித்து எழும் ஒலி. குறைந்த பிட் அளவில் சுருக்கும்போது, அடி விழுவதற்கு மிகச் சற்று முன்னரே ஒரு மெல்லிய இரைச்சல் கசிந்து, அந்த அடியின் கூர்மை மழுங்கிவிடும். எம்பி3-இன் பழைய குறை இது. இரண்டு முறை சுருக்கினால் குறை மேலும் கூடும். ஒரு நல்ல கலைஞரின் விரல் தெறிப்பை இழக்க எனக்கு மனம் வராது.

ஆகவே, பதிவு உங்களுடையது என்பதால் கூகுள் டேக்அவுட் (கூகுளில் உள்ள நம் கோப்புகளைத் திரும்பப் பெறும் சேவை) வழியாக உங்கள் கணக்கில் ஏற்றிய காணொலியையே முதலில் கேட்டுப் பெறுங்கள். அது கைகூடாவிட்டால் மாற்றம் ஏதும் செய்யாமல் எம்4ஏ கோப்பை அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கார் அதைப் பாட மறுத்தால் மட்டும், அதிலிருந்து ஒரே ஒரு முறை 192 அல்லது 256 எம்பி3 பிரதி எடுத்துப் பென் டிரைவில் போடுங்கள்; எம்4ஏ-வை அழித்துவிடாதீர்கள். வெட்டி ஒட்டும் வேலை இருந்தால், அது முடியும்வரை வேவ் வடிவில் வைத்துக்கொள்வது சரி. பிறர் ஏற்றிய காணொலிகளுக்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எம்4ஏ கோப்பின் பெயர் இறுதியை எம்பி3 என்று மாற்றினேன். பழைய பிளேயரில் அப்போதும் பாடவில்லையே?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் மாற்றியது பெயரை மட்டுமே; உள்ளே இருப்பது இன்னும் ஏஏசி ஒலிதான். மென்பொருளால் முறையாக மாற்றினால்தான் அந்த பிளேயர் பாடும்.

கேள்வி: நான் ஆற்றிய ஒரு மணி நேர இலக்கியச் சொற்பொழிவின் ஒலியை, மெதுவான இணைப்பு உள்ள உறவினருக்குச் சிறிய கோப்பாக அனுப்ப வேண்டும். எது ஏற்றது?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஓபஸ். 2012-இல் இணையத் தர நெறியாக ஏற்கப்பட்ட இந்த முறை, குறைந்த பிட் அளவில் பேச்சுக் குரலைத் தெளிவாகக் காப்பதில் எம்பி3-ஐ வெகுவாக மிஞ்சுகிறது. வாட்ஸ்அப் குரல் செய்திகளும் ஓபஸில்தான் பதிவாகின்றன. ஸ்டீரியோ வேண்டாம், மோனோவில் நொடிக்கு 32 கிலோபிட் வைத்தால் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 14 எம்பிக்குள் அடங்கிவிடும். உறவினரின் கைப்பேசி மிகப் பழையதாக இருந்தால், மோனோ எம்பி3 64-ஐ அனுப்புங்கள். அது 29 எம்பி ஆகும், ஆனால் எந்தக் கருவியிலும் பாடும்.