நோய் எதிர்ப்பு சக்தி நம்ம நரம்பையே தாக்குமா? கால் மரத்துப் போறதுக்கு அதுவும் காரணமா இருக்குமா?

தாக்கும். என்னை தாக்குச்சு, அதனாலதான் எழுதுறேன். நீங்க கேக்குறத பாத்தா வீட்ல யாருக்கோ கால் மரக்க ஆரம்பிச்சிருக்குன்னு தோணுது.

2018 ஜூன், ஈரோட்ல இருந்தோம். நாலு நாள் வயித்தால போய் சரியாயிடுச்சு. பத்து நாள் கழிச்சு ரெண்டு பாதத்துலயும் எறும்பு ஊர்ற மாதிரி, மறுநாள் செருப்பு கால்ல நிக்காம கழண்டு கழண்டு போகுது, அதுக்கடுத்த நாள் மாடிப்படி ஏற முடியல. பக்கத்து கிளினிக்ல சத்து குறைவுன்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. நரம்பு டாக்டர் முட்டில சுத்தியலால தட்டினாரு, கால் துளி ஆடல. இப்பவே அட்மிட் ஆகுங்கம்மான்னாரு. கில்லன் பாரே சிண்ட்ரோம்.

(நான் டாக்டர் இல்ல, அவர் சொல்லி புரிஞ்சதுதான், தப்பிருந்தா படிச்சவங்க திருத்துங்க, திட்டாதீங்க.) காம்பைலோபாக்டர்னு வயித்துல வர்ற ஒரு பாக்டீரியா, அது மேல இருக்குற சர்க்கரை அமைப்பும் நம்ம நரம்பு மேல இருக்குறதும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. கிருமிய அடிக்க உடம்பு செஞ்ச ஆன்டிபாடி நரம்பையும் சேத்து அடிக்குது. நரம்ப சுத்தி ஒயர் மேல பிளாஸ்டிக் மாதிரி மயலின்னு கொழுப்பு உறை இருக்கு, அது போனா சிக்னல் மெதுவாகும், சிலசமயம் நின்னே போகும்.

முதுகுல நீர் எடுத்து பாத்ததுல புரதம் அதிகம், செல் நார்மல். 1916ல ரெண்டு பிரெஞ்சு சிப்பாய்ங்ககிட்ட கில்லன், பாரே, ஸ்ட்ரோல்னு மூணு பேர் கண்டதும் இதேதான். அந்த ஸ்ட்ரோல் பேரு மட்டும் எப்படியோ விட்டுப்போச்சு, பாவம்.

இது மூச்சு விடுற தசைக்கும் ஏறலாம், அத பாக்கத்தான் ராத்திரி நர்ஸ் வந்து ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ண சொல்வாங்க. முதநாள் 30 வரைக்கும் போனவ மூணாம்நாள் 14ல நின்னுட்டேன். வீட்டுக்காரர் முகத்த பாக்கவே முடியல. அஞ்சு நாள் இம்யூனோகுளோபுலின்னு ஆன்டிபாடி மருந்து ஏத்துனாங்க, தினமும் உடம்பு எடைல கிலோவுக்கு 0.4 கிராம். ஆயிரக்கணக்கான பேர் குடுத்த பிளாஸ்மாலேருந்து (ரத்தத்துல இருக்குற நீர் பகுதி) எடுக்குறது அது. யாருன்னே தெரியாதவங்க ஆன்டிபாடி வந்து என்னோடத அடக்குச்சு, இப்ப நினைச்சாலும் கண்ணு கலங்குது.

சொந்தக்காரங்க இதுக்கு நரம்பு தளர்ச்சின்னு பேரு வச்சாங்க, சுவத்துல விளம்பரம் எழுதுறானே அந்த வார்த்தை, பாக்க வந்தவங்கள்ல பாதி பேரு எதிர்ப்பு சக்தி ஏறும்னு பொடி டப்பாவோட வந்தாங்க. அடிக்கிறதே அந்த சக்திதாங்க! வாக்கர் வச்சு நடந்த எட்டு மாசத்துல நான் தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபத்துக்குள்ள போக முடியாம கார்லயே உக்காந்திருந்தேன், வாசல்ல பதினாலு படி, ஒரு சாய்தளம் கிடையாது. ஏசிக்கும் லைட்டுக்கும் லட்சக்கணக்குல செலவு பண்றாங்க, இத கேட்டா மட்டும் இடமில்லையாம்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். மரப்புக்கு சுகர், பி12ன்னு ஆயிரம் காரணம் இருக்கு, பயமுறுத்தல. ஆனா ரெண்டு கால்லயும் ஆரம்பிச்சு நாளுக்கு நாள் மேல ஏறுது, படி ஏற முடியலன்னா திங்கக்கிழமை வரட்டும்னு பொறுக்காதீங்க, ஐசியு இருக்குற ஆஸ்பத்திரியா பாத்து இன்னிக்கே கூட்டிட்டு போங்க.